அடி சேராத பாட்டு

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். படம் ஆடுகிறது. எடுத்தவர் பந்தியில் உட்கார்ந்தபடி எடுத்திருக்கிறார். ஓரத்தில் ஒரு இலையின் நுனியும் தண்ணீர் டம்ளரும் தெரிகின்றன. ராஜபாளையத்தில் எங்கள் சபை மண்டபம், சபையார் கூடி உண்ணும் அசன நாள். மேடையில் என் கணவர் வெள்ளைச் சட்டையில், கழுத்து வாரில் சாக்ஸபோன் தொங்க நிற்கிறார். போதகரின் அறிவிப்பில் கடைசித் துண்டு மட்டும் பதிவாகியிருக்கிறது. “நம்ம அண்ணன், சண்டை நடந்த சமயத்துல, கான்சாபுரத்து வீரரை ஒரு ராத்திரி முழுக்கச் சுமந்து மலைய விட்டு இறக்குன அனுபவத்தை, அவங்களே இசையா அமைச்சு…” பிறகு கைதட்டல். பிறகு வாத்தியம்.

சுமந்தது உடலையா, உயிரோடு இருந்த ஆளையா என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நான் தேடியது அதைத்தான். மதுரையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பல வருடம் செய்தி திருத்தியவள் நான். ஒரு வாக்கியத்தில் எது சொல்லப்படவில்லை என்பதைப் பார்ப்பது அந்த மேசையில் பழகியது. அன்று, சொல்லப்படாத அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிதானத்துக்கு வந்தேன்.

ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் அங்கே போலீஸ் ஏட்டாக இருப்பவர். இறந்துபோன அந்தக் கான்சாபுரத்துச் சிப்பாயின் தம்பி. “மதினி, சர்ச்சுல அண்ணன் வாசிச்ச வீடியோவை அம்மா பாத்துட்டா. அண்ணன்கிட்ட பேசணும்னு சொல்லுதா.”

என் கணவர் ராணுவ பேண்டில் இருந்தவர். பேண்டுக்காரர்கள் சாதாரண நாட்களில் வாசிப்பார்கள். சண்டை வந்தால் வாத்தியங்களைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போவார்கள். வெளியே பலருக்கு இது தெரியாது. கல்யாணமாகி நெடுநாள் வரை எனக்கே தெரியாது. அந்த மலைச்சண்டையில் அவரும் இன்னும் மூன்று பேண்டுக்காரர்களும் தூக்கி இறக்கியவர்களில் ஒருவர்தான் கான்சாபுரத்துச் சிப்பாய். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரே ரயிலில் வந்தவர்கள் இருவரும்.

சண்டை முடிந்து என் கணவர் ஊருக்கு வந்தபோது இறந்தவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து கான்சாபுரத்து வீட்டில் இறக்கினார். அந்த அம்மா பெட்டியைத் தொடக்கூட இல்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வலிச்சுதாலே அவனுக்கு?”

“இல்லம்மா. நொடியில போயிட்டான்.”

அந்தப் பதிலின் மேல்தான் அந்த அம்மா இத்தனை வருடமும் குடியிருந்தார். இதை நான் சும்மா சொல்லவில்லை. நினைவு நாளுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் பந்தியில் பரிமாறிக்கொண்டே யாரிடமாவது சொல்வார்: “எம் மவன் விளக்க ஊதுனாப்புல போனான். வலின்னா என்னன்னு தெரியாது அவனுக்கு.” அவருடைய கணவர் புற்றுநோயில் மாதக்கணக்காகக் கிடந்து இறந்தார். கடைசி வாரத்தில் நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். அந்த அம்மா அவருடைய காலைப் பிடித்துவிட்டபடி, “ஒம் மவனுக்கு இருந்த கொடுப்பினை ஒமக்கு இல்லாமப் போச்சே” என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கும் உண்மை தெரியாது. ‘சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்’ என்ற வரியை எத்தனையோ செய்திகளில் அப்படியே விட்டிருக்கிறேன். பாதி நேரம் அது உண்மையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நிருபர் எழுதி அனுப்புவார். யாருக்கும் கெடுதல் செய்யாத வரி என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

உண்மை எனக்குச் சாக்ஸபோன் வழியாகத்தான் வந்தது. ராணுவத்திலிருந்து வந்த பிறகு அவர் ஒரு வங்கியில் காவலராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பார், கூப்பிட்டால் கல்யாணங்களுக்கும் போவார். வங்கி வேலையும் முடிந்து வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு, மத்தியானங்களில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ வாசிக்கத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த கீர்த்தனை எதுவும் இல்லை. கீழ்க்கட்டையில் சில சுரங்கள், நடப்பதுபோல. மெல்ல ஒரு தாளம் கூடும். அடுப்படியில் காய் நறுக்கும் என் கத்தி தன்னை அறியாமல் அந்தத் தாளத்துக்கு விழத் தொடங்கும். அந்தக் கணத்தில், உச்சக் குரலில், ஒரு கிறீச்சிடல். வாய்ப்பக்கத்து நாணல் பட்டையான ரீடைப் பல்லால் கடித்து எடுக்கிற சத்தம் அது என்று பிறகு சொன்னார். பிறகு ஒன்றுமில்லை. அவருடைய மூச்சு மட்டும் கதவுக்கு வெளியே கேட்கும். மறுபடி முதலிலிருந்து நடை.

அடுத்த வீட்டுப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சுவர் மேலாக எட்டிப் பார்த்து, “ஏமக்கா, அண்ணன் பீப்பிக்குள்ள பூனை கீனை பூந்திருச்சா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மத்தியானங்களில் எனக்குக் காதெல்லாம் பின்னறையிலேயே இருந்தது. கிறீச்சிடல் எப்போது வரும் என்று தெரிந்துபோனது. தாளம் கூடக் கூட, வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கும். கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒருநாள் கதவைத் தட்டிக் கேட்டேன். “என்ன பாட்டு இது?”

“பாட்டு இல்ல. நடை.”

அன்றைக்குத்தான் சொன்னார்.

ஸ்ட்ரெச்சர் தூக்குவதற்கு ஒரு விதி இருக்கிறது. தூக்குகிறவர்கள் அடி சேராமல் நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் இடது காலை வைத்தால் பின்னால் வருகிறவர் வலது காலை வைக்க வேண்டும். எல்லோருடைய காலும் ஒன்றாக விழுந்தால் ஸ்ட்ரெச்சர் துள்ளும். படுத்திருப்பவரின் காயத்தில் அந்தத் துள்ளல் போய் இடிக்கும். மற்றவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. பேண்டுக்காரர்களுக்குத்தான் வராது. வருடக்கணக்காக டிரம் அடிக்குக் கால் வைத்தே பழகியவர்கள். இருட்டு, குளிர், கல்லும் சறுக்கலுமான பாதை. கவனம் இருக்கிற வரை காலைக் கலைத்துக் கலைத்து வைத்திருக்கிறார்கள். களைப்பில் கவனம் கொஞ்சம் தளர்ந்ததும் நான்கு பேருடைய கால்களும் தாமாகச் சேர்ந்திருக்கின்றன. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அலறியிருக்கிறார். கலைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி சேர்ந்திருக்கிறது.

“நாங்க சேந்ததே எங்களுக்குத் தெரியாதுட்டி. அவன் கத்துனாத்தான் தெரியும்” என்றார் என் கணவர்.

விடிகிற வரை அப்படித்தான் வந்திருக்கிறார்கள். ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர் இறந்திருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். இந்த விஷயம் இவர் நெஞ்சில் இருந்தவரை பத்திரமாக இருந்தது. இப்போது சத்தமாக வெளியே வந்துவிட்டது. சத்தம் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? “இத வெளியில வாசிக்காதீங்க” என்றேன். அசன நாள் வரைக்கும் வாசிக்கவில்லை. அன்று போதகர் வற்புறுத்தினார். நம் சபைக்குள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கையில் போன் இல்லாத ஒருவரும் அந்தப் பந்தியில் இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏட்டு எங்களைக் கான்சாபுரத்துக்கு வரச் சொல்லவில்லை. முதலில் தன்னைப் பார்க்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயிலுக்கு எதிர்வரிசையில் ஒரு டீக்கடை. சட்டையும் லுங்கியுமாக வந்திருந்தார். என் கணவரைப் பார்த்தால் எப்போதும் தோளில் ஒரு குத்து விடுவார், அன்று விடவில்லை. மூன்று டீ சொன்னார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். தூக்கிட்டு வந்தது உடம்பத்தான?”

என் கணவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

எதிரே இருந்தவர் ஸ்டேஷனில் தினமும் மனிதர்களைக் கேள்வி கேட்கிறவர். பதில் வராத இடம் எது என்று தெரிந்தவர். அடுத்த கேள்வியை மிக மெதுவாகக் கேட்டார்.

“எம்புட்டு நேரம் இருந்தான்?”

“விடியுற வரைக்கும்.”

ஏட்டு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அடித்துவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. என் கணவருக்கும் அவருக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் கையை ஓங்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இத்தன வருசம் கறி தின்னுட்டுப் போனியளே எங்க வீட்டுல. ஒருநா சொல்லத் தோணல?”

“யாருகிட்டல சொல்ல?”

“அதுஞ் சரிதான்.” பிறகு என்னைப் பார்த்தார். “மதினி, அம்மாவுக்கு அந்த வீடியோல என்ன புரிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியல. ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட போன வாங்கி வாங்கிப் பாக்கா. சுகரு, பிரஷரு எல்லாம் இருக்கு. அத விடுங்க. அவ அந்த ஒத்தச் சொல்லுலதான் இருக்கா. அத எடுத்துட்டா பொறவு அவகிட்ட என்ன இருக்கு?”

அது எனக்குத் தெரிந்ததுதான்.

“நினைவு நாளைக்கு எப்பவும் போல வாங்க. எப்பவும் வாசிக்கத வாசிங்க. அத வாசிக்கச் சொன்னா, ரீடு ஒடஞ்சிட்டுன்னு சொல்லிருங்க.”

“ரீடு ஒடஞ்சா எப்பவும் வாசிக்கதையும் வாசிக்க முடியாதுல.”

“அப்பம் என்னவாச்சும் ஒண்ண ஒடைங்க அண்ணே” என்றார் ஏட்டு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

நினைவு நாள் காலையில் என் கணவர் சட்டையில் பித்தான் போட நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்புப் பக்கம் திரும்பியதும் மலை கூடவே வரத் தொடங்கியது. வாத்தியப் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது என் வயிற்றில் இடித்தது. “மெதுவா” என்று ஒரு தடவை சொன்னேன். அதன் பிறகு அவர் அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டினார். அவருக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

தென்னந்தோப்பு ஓரத்தில் மேடை கட்டி மார்பளவுச் சிலை. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், முன்னாள் ராணுவத்தார் சிலர் பழைய பதக்கங்களோடு. கொடி ஏற்றினார்கள். பேசியவர் வழக்கம்போல, “எதிரியின் குண்டை மார்பில் ஏந்தி, அந்த நொடியே வீரமரணம்” என்றார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் தலையை ஆட்டுவார். அன்று ஆட்டினாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. குறுக்கே ஒரு பிள்ளை எழுந்து நின்றது.

என் கணவர் முன்னால் போய் எப்போதும் வாசிக்கிற தேசபக்திப் பாட்டின் முதல் வரியை எடுத்தார்.

“அது வேண்டாம்ல” என்றார் அந்த அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. “போன்ல வந்ததே, அத வாசி.”

ஏட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “ஏம்மா, அது சர்ச்சுல வாசிக்கதும்மா. இங்க…”

“ஒன்னியக் கேட்டனா? எம் மவனப் பத்தின பாட்டு சர்ச்சுல கேக்கலாம், எங் காதுக்குக் கேக்கக் கூடாதாக்கும்? உக்காரு.”

கூட்டம் சிரித்தது. ஏட்டு உட்கார்ந்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்ட நினைத்தேன். மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாத்தியத்தை மறுபடி வாயில் வைத்தார்.

திறந்த வெளியில் அந்தச் சத்தம் வேறாக இருந்தது. வீட்டுச் சுவருக்குள் அதற்கு ஒரு எல்லை இருந்தது; இங்கே அது தென்னைகளுக்குள் போய் மலையடிவாரம் வரைக்கும் நடந்தது. கீழ்க்கட்டையில் அந்த நடை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். பிள்ளைகள் முதலில் முழித்தார்கள். பிறகு தாளம் கூடத் தொடங்கியது. கூட்டம் என்ன செய்யும்? எல்லாக் கூட்டமும் செய்வதைத்தான் செய்தது. பின்வரிசையில் ஒருவர் கை தட்டத் தொடங்கினார். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். முன்னாள் ராணுவத்தார் தொடையில் தட்டினார்கள். அவர்கள் தட்டியது தாளம் பிசகாமல் இருந்தது. கைதட்டல் ஒன்றாகச் சேர்ந்து விழுந்த இடத்தில் கிறீச்சிடல் வந்தது.

சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது, ஓவென்று கத்தினார்கள். என் கணவர் நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி முதலிலிருந்து. கூட்டமும் இப்போது தயாராக இருந்தது. கைகள் முன்னைவிட வேகமாகச் சேர்ந்தன. மறுபடி அந்த அலறல். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாசிப்பதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். நிறுத்தாவிட்டால் இப்படியே தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன், என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை நடை தொடங்கி, கைதட்டல் கூடத் தொடங்கியபோது அந்த அம்மா எழுந்தார்.

கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு கையையும் தூக்கினார், வயலில் மாட்டை நிறுத்துகிற மாதிரி.

“தட்டாதிய.”

சத்தமாகச் சொல்லவில்லை. முன்வரிசை நின்றது. பின்வரிசை தெரியாமல் தட்டியது.

“ஏலே, தட்டாதியன்னு சொல்லுதம்லா. அவனுக்கு வலிக்குதுல்லா.”

தோப்பில் ஒரு கைதட்டல்கூட இல்லை. அந்த அம்மா திரும்பி என் கணவரைப் பார்த்து, “நீ வாசி” என்றார்.

அவர் வாசித்தார். முடிவில் ஒரு சிறு வரி வரும். ஆள் கூப்பிடுகிற மாதிரி ஏறி, சொல்லி முடித்த மாதிரி இறங்கும். அதோடு சரி. யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏட்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் அந்த அம்மா எங்களுக்குச் சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். மகன் விளக்கை ஊதினதுபோலப் போனான் என்று அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. ஏட்டின் எண். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்ற செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அந்த அம்மாவின் குரல்தான். நலமா, போய்ச் சேர்ந்தீர்களா என்ற எதுவும் இல்லை.

“அவன் தண்ணி கேட்டானாலே?”

என் கணவர் போனுக்கு அருகே குனிந்தார். “கேட்டாம்மா.”

“குடுத்தியா?”

“வயித்துல காயம்மா. குடுக்கக் கூடாது. துணிய நனைச்சு உதட்டுல வச்சோம்.”

“சரி, வைக்கேன்” என்றார் அந்த அம்மா.

மறுநாள் அதே நேரத்தில் மறுபடி. குளிருச்சுதா? குளிருச்சும்மா. எங் கம்பளி அவன் மேலதான் கெடந்துச்சு. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு நாளைக்கு ஒரே கேள்விதான். பதில் கிடைத்ததும் வைத்துவிடுவார். அந்தக் கேள்வியை அவர் பகல் முழுக்க வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பகல் முழுக்க, இன்றைக்கு எது வரும் என்ற யோசனைதான். தெரு முனையில் மில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளில் போகத் தொடங்கினால் போன் வரும் நேரம் என்று தெரியும். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். என் கணவர் எடுத்து மறுபடி மேசையில் வைத்தார்.

“பொய் சொல்லுங்க. இன்னும் எதுக்கு எல்லாத்தையும் சொல்றீங்க?” என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

“முத பொய் ஒண்ணு சொன்னேன். அதத் தூக்கத் தெம்பில்லட்டி” என்றார்.

ஒரு தடவை அந்த அம்மா சிரித்தார். அவன் ஏதாவது பேசினானா, கத்தினதைத் தவிர, என்று கேட்டார். என் கணவர் யோசித்துச் சொன்னார்: காயத்துக்குக் கட்டுப் போடுகிறபோது துணியைத் தடவிப் பார்த்து, “ஏலே, இது நம்ம சத்திரப்பட்டித் துணில்லா, என்னைய ஊரு வரைக்கும் கொண்டு போயிரும்” என்றாராம். எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தெருத் தெருவாகத் தறியில் நெய்வது பேண்டேஜ் துணிதான். போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். “அவன் வாயி!” என்றார் அந்த அம்மா. அது சிரிப்பு.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அது வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சாயங்காலமும் வேண்டிக்கொண்டேன். அதற்கான பதில் எனக்குத் தெரியும். எந்தத் தாய்க்கும் அந்தப் பதில் போதாது.

அது வந்தது.

“கடைசியா என்னல சொன்னான்?”

என் கணவர் பின்னறைக்குப் போனார். பெட்டிக் கொக்கி திறக்கிற சத்தம் கேட்டது. வாத்தியத்தோடு வந்து போனுக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் கடைசி வரியை மட்டும் வாசித்தார். ஏறி, இறங்குகிற அந்தச் சிறு வரி. அவர் அதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை.

மறுமுனையில் அந்த அம்மா முடிகிற வரை இருந்தார்.

“அது எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு” என்றார். “என்ன சொன்னான்னு வாயத் தொறந்து சொல்லு.”

என் கணவர் வாத்தியத்தைக் கட்டிலில் வைத்தார். எனக்கு அந்த அறையை விட்டுப் போய்விட வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

“‘சேந்து நடக்காதியலே’ன்னாம்மா. அதான். அதுக்கு மேல பேச்சு இல்ல.”

போனில் ஒரு மாடு கத்தியது. யார் வீட்டிலோ டிவி ஓடியது.

“எதுக்கு அப்பிடிச் சொன்னான்?”

அவர் சொன்னார். ஸ்ட்ரெச்சர் தூக்குகிற விதியை, காலைக் கலைத்து வைக்க வேண்டியதை, பேண்டுக்காரர்களின் கால் தானாகச் சேர்ந்துவிடுவதை, அது காயத்தில் இடிப்பதை. எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், ஒன்றும் குறைக்காமல். “நாலு பேரு காலுந்தாம்மா. எங் காலும்” என்று முடித்தார்.

இப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். சபிப்பார். சபித்தால் இவர் அதை ஏற்றுக்கொள்வார், அதோடு படுத்துவிடுவார். அதற்குத்தான் பயந்தேன்.

“பழகுன காலு” என்றார் அந்த அம்மா. “உழுத மாட்ட வண்டியில பூட்டுனாலும் உழவுச் சாலுல போற மாதிரித்தான் போவும்.” பிறகு, “வைக்கேன்.”

மறுநாள் சாயங்காலம் போன் அடிக்கவில்லை.

மில் ஆட்கள் போய் முடித்தார்கள். தெருவிளக்கு எரிந்தது. என் கணவர் ஒரு துணியால் சாக்ஸபோன் கீகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே கீயைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனில் சார்ஜ் இருக்கிறதா, சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுவரை அடித்தால் பயந்துகொண்டிருந்தோம். அடிக்காதபோது இருந்த பயத்துக்கு அது எவ்வளவோ மேல். சுகர், பிரஷர் என்று ஏட்டு சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

ஏட்டுக்குப் போன் போட்டேன். அவர் ஊரில்தான் இருந்தார். எடுத்ததும் ஒன்றும் கேட்காமல், “இருங்க மதினி” என்று போனைக் கொண்டுபோனார். நடந்து போகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

“அம்மா?” என்றேன்.

“என்னட்டி?”

“இன்னைக்குப் போன் வரலியே…”

“கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. அதான் போடல.” பாத்திரம் உருளும் சத்தம். “பயந்துட்டியளாக்கும் ரெண்டு பேரும்? சரி சரி, வையி. பாலு பொங்குது.”